அறுபதுக்கு அம்பத்தேழு

அறுபதுக்கு அம்பத்தேழு வாங்கின பொம்பளைய, நீ லாயக்கில்லைன்னு வெளிய அனுப்பின ஆஸ்பத்திரிய நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? முப்பத்தாறு வருசம் வாத்தியாரா இருந்தவனுங்க நான். பாஸ் பண்ணினா ஃபெயில்னு சொல்ற பரீட்சைய இப்பத்தான் பாக்கறேன்.

இல்லீங்க, அவகிட்ட கேக்காதீங்க. எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன். எங்க போறீங்கன்னுதானே கேட்டீங்க? ஓடைக்காட்டுப் பிரிவுல எறங்கணுங்க. மங்களபுரம் தாண்டி, மல்லியக்கரைக்கு முன்னால. பதினோரு வருசமாச்சு இந்தப் பக்கம் வந்து. அவளுக்குப் பேச்சு வராதுங்க. வரும், ஆனா வராது. காது நல்லாக் கேக்கும், நாம பேசறது அத்தனையும் புரியும். நீங்க ஆத்தூரா? இருக்கட்டும், இருக்கட்டும். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் மேல வெச்சிருங்க. தேங்காய் ஒப்புட்டு இருக்குது, நசுங்கிறப் போகுது.

எம்பேரு அர்த்தநாரி, எம்.எஸ்ஸி., எம்.எட். ராசிபுரத்துல கணக்கு அர்த்தநாரி சாருன்னு சொன்னா ஆட்டோக்காரரு வழி கேக்காம கொண்டாந்து விட்ருவாரு. ஸ்கூல்ல ரிட்டயர் ஆயிட்டேன், மாடியில டியூசன் மட்டும் விடாம நடத்திட்டிருந்தேன். எம்பட முறை ஒண்ணே ஒண்ணுதாங்க. ஒரே கணக்க நூறு தடவை போடு. மண்டைக்குப் புரியுதோ இல்லையோ, கை தானா போட்டுரும். அப்படிப் போட்டே நூத்துக்கு நூறு வாங்கினவங்க எத்தனை பேருன்னு எனக்கே கணக்கில்ல.

இவ எம்பட சம்சாரம், தெய்வானை. நாமகிரிப்பேட்டை மஞ்சள் சொசைட்டியில இருபத்தெட்டு வருசம் வேலை. ஏலம் நடக்கறப்ப மைக்குல படிக்கறது இவதாங்க. லாட் நம்பரு, விரலி மஞ்சளா உருண்டை மஞ்சளா, விவசாயி பேரு, ஊரு, வெலை. மூச்சு விடாம இருநூறு லாட் படிப்பா, ஒரு இடத்துல தடுக்காது. இந்தா, நாமகிரிப்பேட்டை வருதே, இங்க எறங்கி மஞ்சக்காரங்க யாரை வேணும்னாலும் கேளுங்க, அந்தக் குரலு ஞாபகம் இருக்கும். நீங்களும் மஞ்சள் போடறவருங்களா? அதான் அப்படிப் பாக்கறீங்க. ஆமாங்க, அதே தெய்வானைதான்.

ஆமா, சொசைட்டி. தெரியுது, தெரியுது. கையை விடு தெய்வானை, பேசிட்டிருக்கேன்ல.

மூணு வருசத்துக்கு முன்னால ஆரம்பிச்சுது. அடுப்படியில இருந்து, "ஏனுங்க, அந்த... அள்றது... அத எடுங்க"ன்னா. கரண்டிய அள்றதுங்கறா. நான் சிரிச்சேன். வயசாச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சல்லடை போச்சு. பூட்டு போச்சு. பக்கத்து வீட்டுக்காரம்மா பேரு போச்சு. அவங்க வீட்டுக்குப் போயி, அவங்க பேரு வராம, சும்மா சிரிச்சுட்டுத் திரும்பி வருவா. நான் என்ன செஞ்சேன்னா, அவ தடுமாறும்போதெல்லாம் வார்த்தைய எடுத்துக் குடுத்தேன். கரண்டியா, கத்தியா, துடைப்பமான்னு வரிசையா சொல்லுவேன், சரியானது வந்ததும் தலையாட்டுவா. ரெண்டரை வருசம் இப்படியே ஓட்டிட்டோம். எனக்கு அதுல சிரமமே இல்ல. எப்படியும் எங்க வீட்ல பேசறது நாந்தானுங்க.

ஓசூர்ல இருக்கற எம்பொண்ணுதான் வந்து பாத்துட்டு சத்தம் போட்டா. அம்மாவ ஏன் இன்னும் காட்டல, ஏன் இன்னும் காட்டலன்னு. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பேரு வேண்டாம் விடுங்க. மூளைய ஸ்கேன் எடுத்தாங்க. இடது பக்கம், இந்த நெத்திப்பொட்டுக்குப் பின்னால, பேச்சு இருக்கற எடம் மெலிஞ்சுட்டே போகுதாம். பக்கவாதம் இல்ல, கட்டி இல்ல. ஞாபகம் இருக்கும், அறிவு இருக்கும், ஆளு அப்படியே இருப்பாங்க, வார்த்தை மட்டும் ஒண்ணொண்ணா உதுந்துரும்னாரு டாக்டரு. மருந்து இருக்குதான்னு கேட்டேன். நிறுத்தறதுக்கு மருந்து இன்னும் வரலைன்னு சொல்லிட்டாரு. அவ்வளவு பெரிய கட்டடம், அத்தனை மெசினு, இதைச் சொல்றதுக்கு எதுக்குங்க?

ஆனா ஒரு ஆராய்ச்சி நடக்குதுன்னாங்க. தலையில ஈரப் பஞ்சு வெச்சு, லேசா கரண்டு குடுத்துட்டே, படத்தக் காட்டிப் பேரு சொல்லப் பழக்குவாங்களாம். குணமாகாது, ஆனா வார்த்தை போற வேகம் குறையுதான்னு பாக்கறாங்களாம். அதுலயும் ஒரு கூத்து கேளுங்க. பாதிப் பேருக்குக் கரண்டே விடமாட்டாங்களாம், சும்மா பஞ்சு மட்டும் வெப்பாங்களாம். யாருக்கு விட்டாங்கன்னு வெச்சு விடறவங்களுக்கே தெரியாதாம். என்ன ஆராய்ச்சியோ போங்க. சரி, பாதி வாய்ப்பு கிடைச்சாலும் கிடைச்ச மாதிரிதானேன்னு சேத்துக்கச் சொன்னேன்.

பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க எஸ்தர்னு ஒரு மேடம். எம்பொண்ணு வயசுதான் இருக்கும். அவங்கதான் பரீட்சை வெச்சாங்க. அறுபது படம், ஒரு படத்துக்கு ஒரு பேரு. தெய்வானை இருபத்தொம்பது சொன்னா. அறுபதுக்கு இருபத்தொம்பது, அம்பது பர்சென்ட்டு கூட வரல. என் வீட்டுல ஒருத்தி இருபத்தொம்பது வாங்கறதான்னு எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. ஆறு வாரம் கழிச்சு மறுபடி இதே பரீட்சை வெப்போம், அந்த மார்க்க வெச்சுத்தான் ஆராய்ச்சிய ஆரம்பிப்போம், வீட்ல எதுவும் தயார் பண்ணாதீங்க, இயல்பா வாங்கன்னு மேடம் சொன்னாங்க. நானும் முப்பத்தாறு வருசம் பசங்ககிட்ட அதையேதான் சொல்லியிருக்கேன். பரீட்சைக்குப் பயப்படாம இயல்பா வாங்கன்னு. அதுக்காகப் படிக்காம வருவாங்களா? அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

மேடம் ஜெராக்ஸ் எடுக்கறேன்னு வெளிய போனாங்க. படப் புத்தகம் மேசை மேல கெடந்துது. நான் அறுபது பக்கத்தையும் போன்ல புடிச்சுட்டேன். நீங்க ஏன் சிரிக்கறீங்க? மேசை மேல வெச்சுட்டுப் போனது யாரு? நான் பூட்டை உடைச்சா எடுத்தேன்?

ராசிபுரத்துல கலர்ல பிரிண்ட் போட்டு, ஒவ்வொண்ணா லேமினேசன் பண்ணி, நம்பர் எழுதினேன். காலையில அஞ்சு மணிக்கு ஒரு ரவுண்டு, சாயங்காலம் காப்பிக்கு அப்புறம் ஒரு ரவுண்டு. ஒண்ணு கட்டில், ரெண்டு சீப்பு, மூணு பல்லி. நான் ஸ்கேல்ல மேசையைத் தட்டணும், அவ சொல்லணும். மொத வாரம் அட்டைய ஒதுக்கி ஒதுக்கித் தள்ளினா. "வேண்டாம்"னா. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு நல்லா வரும், என்னிக்கும் தடுமாறினதில்ல. ஒரு நாள் அழுதுட்டா. எத்தனையோ பசங்க அழுதிருக்காங்க, ரிசல்ட் வந்தப்புறம் அவங்கதானே சாக்லெட் வாங்கிட்டு வந்தாங்கன்னு நான் விடல. நாலாவது வாரம் பாருங்க, கடகடன்னு சொல்றா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பழைய மைக்குக் குரல் மாதிரியே இருந்துது.

ஒரு விசயம் மட்டும் இடிச்சுது. கேட்டுல தொங்குற பூட்டைக் காட்டி இது என்னன்னு கேட்டா முழிப்பா. பதினாலுன்னு சொன்னா, பூட்டுன்னு உடனே சொல்லிருவா. சரி, பரீட்சையில கேட்டுப் பூட்டா வரப் போகுதுன்னு விட்டுட்டேன்.

என்ன, தண்ணியா? இந்தா, குடி. வேண்டாமா? அப்புறம் எதுக்குக் கையை இழுக்கற? மங்களபுரம் இப்பத்தான் வந்திருக்குது. இன்னும் நேரம் இருக்குது. நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க? ஒரு நிமிசம், இதை முடிச்சிடறேன், அப்புறம் மறந்து போயிரும்.

பரீட்சையன்னிக்கு என்னை வெளிய உக்காரச் சொன்னாங்க. கண்ணாடிக் கதவு, உள்ள பாக்கலாம், கேக்காது. தெய்வானை வாய் அசையற வேகத்தப் பாத்து எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்குது. அறுபது படமும் முடிஞ்சு மேடம் புத்தகத்த மூடிட்டாங்க. அப்புறம் மறுபடி தொறந்து, சில பக்கத்தத் தாண்டி வேற பக்கத்தக் காட்டினாங்க. அப்புறம் எந்திரிச்சு வந்து என்னை உள்ள கூப்பிட்டாங்க. என்ன நடந்துதுன்னா, இவ பக்கத்தத் திருப்பறதுக்கு முன்னாலயே அடுத்த படத்தோட பேரச் சொல்லியிருக்கா. இருவத்தி ரெண்டு குடை காட்டினதும், குடைன்னு சொல்லிட்டு, திருப்பறதுக்குள்ள ஒட்டகம்னுட்டா. மேடம் சந்தேகப்பட்டு, அறுபதும் முடிஞ்சப்புறம் ஒட்டகத்த மறுபடி காட்டிட்டு, ஏழெட்டுப் பக்கத்தத் தாண்டி ஒரு தேங்காயைக் காட்டியிருக்காங்க. தேங்காயைப் பாத்துட்டு எம்பட பொண்டாட்டி ஏணின்னு சொல்லியிருக்கா. ஏன்னா ஒட்டகத்துக்கு அடுத்தது ஏணி.

மொத்தமா அம்பத்தேழு சொல்லியிருக்காங்க சார், ஆனா இதுல ஒண்ணையாவது அவங்க பாத்துச் சொன்னாங்களான்னு எனக்குத் தெரியலைன்னு சொன்னாங்க மேடம். நான் போன்ல புடிச்சதை ஒத்துக்கிட்டேன். பொய் சொல்ற பழக்கம் எனக்கில்ல. மேடம் திட்டல. திட்டியிருந்தாத் தேவலை. இந்த ஆராய்ச்சிக்கு இந்த ஒரு செட் படந்தான், மனப்பாடம் பண்ணினவங்கள வெச்சு எதையும் அளக்க முடியாது, சேத்துக்கறதுக்கு விதியில எடமில்லைன்னாங்க. அடுத்த பேட்ச் வேற படத்தோட வரும், ஒண்ணரை வருசம் ஆகும்னாங்க. ஒண்ணரை வருசம் கழிச்சு இவளுக்கு எத்தனை வார்த்தை மிச்சம் இருக்கும்னு கேட்டேன். அவங்க படப் புத்தகத்த எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டினாங்க.

படிக்காம வந்து இருபத்தொம்பது வாங்கினவளுக்கு எடம் இருக்குது. கஷ்டப்பட்டுப் படிச்சு அம்பத்தேழு வாங்கினவளுக்கு எடமில்ல. இது என்ன நியாயம்னு நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும்.

அதோட விட்டாங்களா? இன்னொரு பயிற்சி இருக்குது, அதுல உடனே சேரலாம்னாங்க. எனக்கு உயிரு வந்துது. இவள எந்தக் கெழமை கூட்டிட்டு வரணும்னேன். அவங்க வரலாம் சார், ஆனா பயிற்சி உங்களுக்குன்னாங்க.

எனக்கு. அர்த்தநாரி எம்.எஸ்ஸி., எம்.எட்டுக்குப் பேசறதுக்குப் பயிற்சி. பேசாம இருக்கறதுக்குன்னு சொல்லோணும். ஒரு கேள்வி கேட்டா, விரல் கணுவுல பத்து எண்ணற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. வார்த்தைய எடுத்துக் குடுக்கக் கூடாது. தப்பாச் சொன்னாலும் திருத்தக் கூடாது. தப்பைத் திருத்தக் கூடாதுன்னு ஒரு வாத்தியாருகிட்டச் சொல்றாங்க பாருங்க. அதுக்கு வீட்டுப் பாடம் வேற. தெனமும் சாப்பிடறப்ப நாங்க பேசறதைப் பத்து நிமிசம் போன்ல பதிவு பண்ணி அனுப்பணும். நானும் குழம்புச் சட்டிக்குப் பக்கத்துல போனை வெச்சுப் பதினாறு நாள் அனுப்பினேன். ஒரு நாள் தவறல. வீட்டுப் பாடம் செய்யாம எந்த வகுப்புக்கும் நான் போனதில்ல.

எண்ணினேங்க, சத்தியமா எண்ணினேன். ஆனா மூணு வந்ததும் நாக்கு துறுதுறுங்குது. எதிர்ல ஒருத்தி வாயைத் தொறந்துட்டு வார்த்தைக்குத் தவிக்கறா, வார்த்தை எங்கிட்ட இருக்குது, குடுக்காம உக்காந்திருக்கறதுக்கு நான் என்ன கல்லா?

பதினேழாவது நாள் கோயமுத்தூர் போனோம். மேடம் ஒரு தாளைக் காட்டினாங்க. பத்து நிமிசத்துல நான் பேசினது ஒம்பது நிமிசத்துக்கு மேல. இவ பேசினது இருவது செகண்டு. நான் சொன்னேன், அவளுக்குப் பேச்சு வராததுனாலதானே மேடம் உங்ககிட்ட வந்திருக்கோம்னு. அவங்க கம்ப்யூட்டர்ல அந்தப் பதிவுல ஒரு எடத்தைப் போட்டுக் காட்டினாங்க.

அதுல இவ, "அக்கா"ங்கறா. நான், "அக்கா இல்ல, பொண்ணு. பொண்ணுதானே காலையில போன் பண்ணுச்சு? சொல்லு, பொண்ணு"ங்கறேன். மறுபடி இவ, "அக்கா"ங்கறா. நான் பொண்ணு, பொண்ணுன்னு ரெண்டு தடவை சொல்றேன். கடைசில இவ, "பொண்ணு"ங்கறா. நான் வெரிகுட்ங்கறேன்.

பதினாறு நாள்ல பதினோரு நாள் இப்படிங்க. மேடம் வரிசையாப் போட்டாங்க. பதினோரு நாளும் இவ அக்கான்னு ஆரம்பிக்கறா, பதினோரு நாளும் நான் திருத்தறேன். இந்த நோவுல ஒரு வார்த்தைக்கு இன்னொரு வார்த்தை வந்துரும்னு அவங்கதானே சொன்னாங்க. அப்படி வந்ததுன்னு நெனச்சேன். எனக்கு எப்படிங்க தெரியும்? எங்க வீட்ல அக்காங்கற வார்த்தையே பதினோரு வருசமாக் கெடையாது.

அப்புறம் ஒம்பதாவது நாள் பதிவைப் போட்டாங்க. அதுல நான் கேபிள்காரன் மூணு நாளா வரலைன்னு கத்திட்டிருக்கேன். அதுக்கு அடியில இவ குரலு. ஒரு வார்த்தை, அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல, நான் கேபிளு கேபிளுங்கறேன், அப்புறம் இன்னொரு வார்த்தை. மேடம் எம்பட சத்தத்தை எப்படியோ குறைச்சு வெச்சு மூணு தடவை போட்டாங்க.

"அக்காகிட்ட... பேசணும்... பேச்சு... இருக்கறப்பவே."

முழுசா ஒரு வாக்கியம். மூணு மாசமா அவ வாயில இருந்து ஒரு முழு வாக்கியத்தை நான் கேக்கல. அது வந்தப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், தயிர் ஊத்திட்டு. திரும்பிப் பாத்தேன், தெய்வானை தரையப் பாத்துட்டிருக்கா. அந்த மாதிரி நேரத்துல யாராச்சும் எதாச்சும் சொல்லணுமில்லீங்களா?

என்னம்மா? வெயிலா? இந்தா துண்டு, ஜன்னல்ல தொங்க விடு. சட்டையப் புடிச்சு இழுக்காத, கசங்குது. நீங்களும் கொஞ்சம் பொறுங்க, உங்களுக்கு ஆத்தூர் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்குது. அக்கா விசயத்தைச் சொல்லிடறேன், இல்லைன்னா என்னைத் தப்பா நெனைப்பீங்க.

அவ அக்கா பேரு ராசாமணி. ஓடைக்காட்டுலதான் குடுத்திருக்காங்க. பதினோரு வருசத்துக்கு முன்னால அவங்க பையன் கல்யாணம். பத்திரிகை அடிச்சாங்க. எம்பட சகலை பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு போட்டிருக்குது. அவரு பாஸ் பண்ணினாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளைக்குப் போட்டிருக்குது, பொண்ணோட மாமாவுக்குப் போட்டிருக்குது. எம்பேரு மட்டும் மொட்டையா, அர்த்தநாரின்னு. எம்.எஸ்ஸி. எங்க, எம்.எட். எங்க? ரெண்டும் தபால்ல படிச்சு, பகல்ல வேலை பாத்து வாங்கினதுங்க. கேட்டா, அச்சுல விட்டுப் போச்சுங்கறாங்க. ராசாமணி நேர்ல வந்து நின்னு, பேனாவால எழுதித் தர்றேன் மாப்பிள்ளைன்னு சொல்லுது. பேனாவால. நான் கல்யாணத்துக்குப் போகல, இவளையும் விடல. அந்தப் பேச்ச இனி இந்த வீட்ல எடுக்கக் கூடாதுன்னு ஒரு தடவைதாங்க சொன்னேன். அப்புறம் இவ எடுக்கவே இல்ல. அவளும் ஒண்ணும் வருத்தப்படலைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.

போன்ல பேச வெச்சிருக்கலாமேன்னு கேக்க வர்றீங்க. போன்ல இவளுக்கு வராதுங்க. எதிர்ல முகத்தப் பாத்தாத்தான் நாலு வார்த்தை வரும். அதுவும் போன மாசம் எட்டு வந்துது, இந்த மாசம் நாலு. அடுத்த மாசம் எத்தனைன்னு கோயமுத்தூர் டாக்டருக்கே தெரியாது. அதனாலதான் எம்பொண்ணு நேத்து அவங்களுக்குப் போன் பண்ணி, பதினோரு மணி பஸ்சுக்குப் பிரிவுல வந்து நிக்கச் சொல்லியிருக்கா. அந்தம்மாவுக்கும் மூட்டு வலி, காட்டு வழி ஒரு மைல் நடந்து வரணும். சகலை போய்ச் சேந்து நாலு வருசமாச்சாம். அதுவே எங்களுக்கு நேத்துத்தான் தெரியும்.

நான் வீட்டுக்குள்ள போக மாட்டேன். வாசல்ல நின்னு பேப்பர் படிப்பேன், அக்காளும் தங்கச்சியும் பேசிக்கட்டும். ஆனா ஒண்ணு, இவள நம்பி விட முடியுமா? அதனால அக்காகிட்ட என்னென்ன பேசணும்னு ஒம்பது வரி எழுதிக் குடுத்திருக்கேன். அக்கா நல்லா இருக்கறயா. மாமா போன சேதி இப்பத்தான் தெரியும். மூட்டுக்கு யாருகிட்ட காட்டற. இப்படி வரிசையா. நேத்துல இருந்து மனப்பாடம் பண்ண வெச்சிருக்கேன், ஆறு வரி நல்லா வருது. எங்க அந்தத் தாளு? கையில வெச்சிருந்தயே. எடுத்து ஒரு தடவை சொல்லிப் பாரு. பாத்தீங்களா, சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கறா.

என்னங்க? சொல்லுங்க, இப்பச் சொல்லுங்க, அப்ப புடிச்சு என்னமோ சொல்ல வர்றீங்க.

பிரிவா? தாண்டிருச்சா? எப்பங்க? எவ்வளவு நேரமாச்சு? இது என்ன பாலம், மல்லியக்கரையா? ஏங்க, பக்கத்துல உக்காந்துட்டு நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல? அதைத்தான் சொல்ல வந்தீங்களா? அந்தக் கண்டக்டரு என்ன பண்ணிட்டிருக்காரு, பிரிவுன்னு சத்தமா கூப்பிட்டிருக்க வேண்டாமா? கூப்பிட்டாரா?

தெய்வானை, நீயாவது...

ஆமாங்க. மங்களபுரத்துல இருந்தே இழுத்துட்டிருந்தா. நான் தண்ணி குடுத்தேன். துண்டு குடுத்தேன்.

எந்திரிக்காத தெய்வானை, பஸ்சு ஓடுது. நான் போயிச் சொல்றேன், நீ உக்காரு. கேக்கறாளா பாருங்க. தாளையும் சீட்டுலயே போட்டுட்டுப் போறா. கம்பியப் புடி, கம்பியப் புடி. அவளுக்கு அந்த ஆளுகிட்ட என்ன சொல்லத் தெரியும்? பிரிவுங்கற வார்த்தை அவகிட்ட இல்லீங்க, எனக்குத் தெரியும். நான் போறேன், கொஞ்சம் வழி விடுங்க.

என்ன, கையப் புடிக்கறீங்க?

சரி. சரிங்க. உக்காந்துட்டேன்.

அந்தக் கண்டக்டரு டிக்கெட்டுக் கட்டை கீழ இறக்கிட்டு நிக்கறாரு பாருங்க. ஒண்ணும் சொல்லாம அவ மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறாரு. அவருக்கு எந்த ஆஸ்பத்திரியில பயிற்சி குடுத்தாங்க? ஒண்ணு. வாயைத் தொறக்கறா, வரல. ரெண்டு. மூணு. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துட்டுது, கத்திருவேன் போல இருக்குது. நாலு. கையைப் பின்னால காட்டறா. அஞ்சு. ஆறு.

"அக்கா... வெயில்ல... நிக்கறா. எறக்கு."

விசில் அடிச்சுட்டாரு. பஸ்சு ஓரங்கட்டுது. எதிர்ல ராசிபுரம் போற பஸ்சு வருதுன்னு, எங்களைத் திருப்பி ஏத்திவிட அதுக்கும் கையைக் காட்டறாரு. அந்தப் பையை எடுத்துக் குடுங்க, ஒப்புட்டு இருக்குது, அக்காளுக்குன்னு விடியக்காலையில எந்திரிச்சு அவளே சுட்டது. அந்தத் தாளு வேண்டாம், கெடக்கட்டும்.

பாருங்க, ஏழு எண்ணறதுக்குள்ள அவ சொல்லிட்டா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல நான் ஒரு நாளும் ஏழு வரைக்கும் போனதில்ல.